மேல்சுரங்கள் இறங்கிய மழைக்காலம்

நம் வயதுக்காரர் இருவர் சந்தித்தால், சுகம் விசாரிப்பதற்கு முன்னால் ஒருவர் மற்றவருடைய எந்தப் பக்கத்தில் நிற்பது என்று பார்த்துக்கொள்கிறோம். நல்ல காது எந்தப் பக்கம் என்று தெரிந்தால்தானே பேச்சைத் தொடங்க முடியும்? சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நின்றிருந்தபோது இதைச் சொல்லி எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு என்னிடம் தங்கவில்லை. என் தகப்பனாரை உங்களில் சிலர் கண்டிருக்கிறீர்கள். முன்கோபக்காரர், ஆர்கன் வாசிப்பதில் நிகரில்லாதவர், பிறகு ஏனோ வாசிப்பதை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த 'ஏனோ' என்னோடு மறைந்துபோக வேண்டாம் என்று தோன்றியது.

ஆழ்வார்திருநகரியைத் தாண்டிக் கிழக்கே போகும் சாலையில், ஒரு பக்கம் வாழையும் மறுபக்கம் பனையுமாக நின்ற ஊர் எங்களுடையது. ஆலயத்தில் பீடத்துக்கு இடப்புறமாக, காலால் மிதித்துக் கையால் வாசிக்கும் ஆர்கன் ஒன்று இருந்தது. வெள்ளைக்காரக் குருமார் காலத்தில் கப்பலில் வந்து, தூத்துக்குடியிலிருந்து மாட்டுவண்டியில் ஊர் சேர்ந்தது என்பார்கள். அதன் மூடியைத் திறந்தால் கற்பூரமும் பழைய கம்பளியும் பித்தளைக் களிம்பும் கலந்த ஒரு வாசனை எழும். பரலோகம் அப்படித்தான் மணக்கும் என்று நான் வெகுநாள் நம்பியிருந்தேன்.

உள்ளே ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பித்தளை நாக்கு உண்டு. ரீடு என்போம். காற்றுப் பட்டால் அது துடிக்கும், துடித்தால் பாடும். அந்த நாக்கின் நுனியை அரத்தால் ஓரிழை தேய்த்தால் சுருதி ஏறும். அடியைத் தேய்த்தால் இறங்கும். வித்தை இவ்வளவுதான். ஆனால் தேய்த்த பித்தளை தேய்ந்ததுதான். திரும்ப வைக்க எந்தக் கருவியும் இல்லை. ஆகவே அப்பா அரத்தைக் கையில் எடுப்பதை ஒரு சடங்காகவே வைத்திருந்தார்.

ஆண்டுக்கு ஒருமுறை, ஐப்பசி மழை இறங்குமுன், ஊரில் 'ஆர்கன் திறக்கிற நாள்' வரும். அன்று அப்பா பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் உபவாசம் இருப்பார். ஆலயத்தை ஒட்டிய தெருவில் அன்று யாரும் உலக்கை பிடிப்பதில்லை. அம்மியில் கை வைப்பதில்லை. கோழிகளைக் கூடையைக் கவிழ்த்து மூடிவிடுவார்கள். ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோவில்பிள்ளை மணியின் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, எந்தப் பிள்ளையும் வந்து இழுத்துவிடாதபடி வாசலில் உட்கார்ந்துகொள்வார். கிறிஸ்தவர் அல்லாதவர்களும் அந்த அமைதியைக் காத்தார்கள். 'இன்னைக்கு மாஸ்டர் காது குடுத்துட்டு இருக்காரு' என்று சொல்லி, வண்டி மாட்டின் கழுத்துச் சலங்கையைக் கையால் பொத்திக்கொண்டு கடந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆசனத்தில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டே, அப்பா சொல்லும் கட்டையை அழுத்துவது என் வேலை. தட்டினால் ஒரே ஒரு சுரம் ஒலிக்கும் எஃகுச் சுருதிக்கவையை அவர் முழங்காலில் தட்டி நடுச்சுரத்தை மட்டும் அதில் எடுப்பார். மற்ற சுரங்களை அதிலிருந்து காதால் அளந்து அளந்து போக வேண்டும். வலது காதை விரலால் அடைத்துக்கொண்டு, இடது காதை ஆர்கனின் மரத்தின்மேல் வைத்துச் சாய்ந்துவிடுவார். அவருக்கு இந்த வித்தையைத் தந்தவர் அப்படித்தான் சாய்ந்தாராம். இவரும் அதை மாற்றியதில்லை. சாய்ந்தபின் கண்ணை மூடுவார். நெஞ்சு உருகி நிற்கும் ஓர் அடியாரின் முகம் எப்படியிருக்கும் என்று யாராவது என்னிடம் கேட்டால், நான் எந்தச் சிலையையும் நினைப்பதில்லை. மரத்தில் கன்னம் அழுந்திக் கிடந்த அந்த முகத்தையே நினைக்கிறேன்.

"பைய மிதி, ஏட்டி. காத்து சீறப்படாது. அழுத்திக்கிட்டே இரு... இன்னும்... ஆ. வந்துட்டாரு பாரு."

சுருதி சேர்ந்தால் 'வந்துட்டாரு' என்பார். யார் வந்தது என்று நான் கேட்டதில்லை.

நான் சொல்ல வந்த ஆண்டில், ஆர்கனைத் திறந்து மூடிச் சில நாள்களிலேயே, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அப்பா ஆசனத்தை விட்டு எழாமல் மேல்கட்டைகளையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார். "இறங்கியிருக்கு," என்றார். "மழைக் குளிருக்கு மேல்சுரமெல்லாம் இறங்கியிருக்கு." மறு வாரம் ஆர்கனை மீண்டும் திறந்தார். தெரு மீண்டும் உலக்கையைச் சாத்தி வைத்தது. மேல்கட்டைகளின் ரீடுகளை நுனி தேய்த்து ஏற்றினார். நான் மிதித்துக்கொண்டிருந்தேன். நன்றாக இருந்த ஒரு சுரம் என் கண்முன் எழுந்து, தன் இடத்தைத் தாண்டி மேலே போவதைக் கேட்டேன். அப்பா கண்ணை மூடியபடி, "வந்துட்டாரு," என்றார். எனக்கு யாரும் வரவில்லை.

கார்த்திகை பிறந்ததும் இன்னொரு முறை திறந்தார். இன்னும் ஏற்றினார்.

பாடகர் குழு வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் பயிற்சிக்குக் கூடும். அதில் அடிக்குரல் பாடுகிறவர் சைக்கிள் கடை வைத்திருந்த ஓர் அண்ணாச்சி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருக்கும். வாய் மட்டும் சந்தைக்கடை. மேல்குரல் பாடும் பெண்பிள்ளைகள் கழுத்து நரம்பு புடைக்க ஆர்கனை எட்டிப்பிடிப்பதைப் பார்த்துவிட்டு, அவர் ஒரு நாள் சொன்னார்:

"என்ன மாஸ்டர், ஆர்கன் பனை மேல போகுது? பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தளைநார் வாங்கிக் குடுத்துருவமா, காலுல மாட்டிக்கிட்டு ஏறட்டும்?"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். "ஒம்ம வாய் மட்டுந்தான்வே எப்பவும் சுருதியில இருக்கு. பாடும்."

அத்தோடு முடிந்தது. வேடிக்கையாகச் சொன்னதனால் அது உண்மையாகக் கொள்ளப்படவில்லை; உண்மையாகச் சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை. எங்கள் குழுவில் எழுதாத விதி ஒன்று உண்டு. ஆர்கனோடு ஒருவர் குரல் ஒட்டவில்லை என்றால் தவறு குரலில்தான், ஆர்கனில் இருக்காது. ஆகவே எல்லாரும் குரலை வளைத்தார்கள். ஏறிப்போன சுரத்தோடு சேர்ந்து ஏறினார்கள். நல்லவர்கள், கீழ்ப்படிந்தவர்கள்.

என்னால் மட்டும் வளைய முடியவில்லை. பேச்சு வருமுன்பே சுருதியை என் காதில் ஊற்றி வளர்த்தவர் அப்பா. அவர் வைத்த இடத்திலேயே என் குரல் போய் நின்றது. அவர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்ததனால் நான் அவருக்குத் தப்பாகிப்போனேன்.

"ஏட்டி, இறங்குத."

மறுபடி பாடினேன்.

"இறங்குதங்கேன். காதைத் தீட்டு."

மூன்றாம் முறையும் அதே இடத்தில் நின்றேன். அப்பா வாசிப்பை நிறுத்தினார். நடுச்சுரத்தையும் அடுத்த ஸ்தாயியில் அதற்கு நேர் மேலே இருக்கும் அதே சுரத்தையும் ஒன்றாக அழுத்தினார். "என்ன கேக்குது?"

"மேலது கூடப்பா."

"என்னது?"

"மேலது ஏறியிருக்கு. ஆர்கன் ஏறியிருக்குப்பா."

நான் அடியை எதிர்பார்த்துக் கண்ணை இறுக்கிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அப்பாவின் முகத்தில் கோபமே இல்லை, பயம் இருந்தது. எழுந்து வந்து என் இரு காதுகளையும் உள்ளங்கைகளால் மூடினார். அந்தக் கைகளில் பித்தளை வாடை இருந்தது.

"எப்பத்திலேருந்துட்டி இப்படிக் கேக்குது?" என்றார், மிக மெல்ல.

இதைத்தான் இன்றைக்கும் நினைத்து நினைத்து மாய்கிறேன். அவர் என்னைப் பொய்க்காரி என்று எண்ணவில்லை. கேட்டதைத்தான் சொல்கிறாள், ஆனால் பிள்ளைக்குக் காது கெட்டுப்போயிற்று என்று எண்ணினார். பொய் சொன்னாய் என்று அடித்திருந்தால் நான் வாதாடியிருப்பேன். அந்த அன்பின் முன்னால் எதைக்கொண்டு வாதாடுவது?

அன்று முதல் என் காதுகளுக்கு வைத்தியம் தொடங்கியது. அம்மா நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப்போட்டுக் காய்ச்சி, இளஞ்சூட்டில் காதில் விட்டுப் பஞ்சு அடைத்தாள். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயரே 'ஏ பஞ்சு' என்றாயிற்று. பாடகர் குழுவிலிருந்து அப்பா என்னை விலக்கினார்; விலக்கியதாகச் சொல்லவில்லை. "காது ஆறுத வரைக்கும் அம்மா பக்கத்துல இரி," என்றார். மூலைப் பெஞ்சில், எண்ணெய் கழுத்தில் வழிய, அம்மாவின் தோளுக்கு அப்பால் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆர்கன் தன் இடத்தை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. சபையும் அதன் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

அசனப் பண்டிகை வந்தது. சபை முழுவதும் ஒரே பந்தியில் உண்ணும் நாள் அது. எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்றே அழைப்போம். அன்று ஆராதனையில் எங்கள் ஐயர் என்னைப் பீடத்தின் முன்னால் அழைத்து முழங்காலில் நிறுத்தினார். வெளியே அண்டாக்களில் சாம்பார் கொதிக்கும் மணம். மழைக்கு ஒதுங்கிய ஆடு ஒன்று வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ஐயர் என் காதுகளில் கைவைத்தார். "இந்தச் சிறு பிள்ளையின் செவிகளைத் திறந்தருளும், உம்முடைய துதியை இவள் உள்ளபடி கேட்கச் செய்யும்," என்று வேண்டினார். சபை முழுவதும் ஆமென் என்றது. அந்த ஆமெனில் அப்பாவின் குரல் தனியே கேட்டது. உடைந்திருந்தது.

நம் பக்தித் தமிழில் ஒரு பழைய மரபு உண்டு, அறிவீர்கள். அடியார் தம் கண்ணையும் காதையும் கையையும் ஒவ்வொன்றாக விளித்து, நீ அவனுக்குப் பணிசெய் என்று ஏவுவார். இந்த வயதுவரை அவற்றில் எத்தனையோ படித்து உருகியிருக்கிறேன். ஆனால் ஏவப்பட்ட உறுப்பு, பணிசெய்வதாகவே எண்ணிக்கொண்டு தவறு செய்தால் என்ன பாடுவது என்று நான் தேடியவரையில் ஒருவரும் சொல்லிவைக்கவில்லை. அன்று முழங்காலில் நின்ற எனக்கோ ஒரு பாட்டும் தெரியாது. நான் செய்த விண்ணப்பம் இதுதான்: ஆண்டவரே, அப்பாவுக்குக் கேட்கிறது போலவே எனக்கும் கேட்கட்டும். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை.

அது கேட்கப்படவில்லை. மறு ஞாயிறும் மேல்சுரங்கள் ஏறியே நின்றன.

அந்த வாரத்தில் ஒரு பிற்பகல், சைக்கிள் கடை அண்ணாச்சி அவித்த பனங்கிழங்கு ஒரு கட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அப்பா பள்ளிக்கூடத்தில் இருந்தார். அவர் எங்கள் ஊர்ப் பள்ளியில் வாத்தியார். நான் கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். காதில் பஞ்சு இருந்ததனால் எனக்குக் கேட்காது என்று அவரும் அம்மாவும் எண்ணிவிட்டார்கள்.

"தங்கச்சி," என்றார் அண்ணாச்சி, "பிள்ளைக்குக் காதுல ஒரு கேடும் கெடையாது."

அம்மா கிழங்குக் கட்டை அவிழ்த்து அவர் முன்னால் வைத்தாள்.

"ஆர்கன்தான் ஏறியிருக்கு. எங்க எல்லாத்துக்கும் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் அவுகட்ட சொல்லல?"

"எந்த வாயால சொல்ல? அவரு ஒருத்தர் காதை நம்பித்தான் நாங்க அத்தன பேரும் வாயத் தெறக்கோம். அந்தக் காதே தப்புன்னா அவரு எங்கன போய் நிக்க? நாங்க எங்கன போய் நிக்க?"

"பிள்ள காதுல எண்ணெயக் காச்சிக் காச்சி ஊத்துதேனே, அண்ணாச்சி. அப்ப அதுவும் ஒங்க எல்லாத்துக்கும் தெரியும், என்ன?"

அவர் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டே இருந்தார். தின்னவில்லை. "கிறிஸ்மஸ் முடியட்டும் தங்கச்சி. ஆண்டவர் ஒரு வழி வைப்பாரு."

"ஒங்களுக்கு வாய் இல்லன்னா ஆண்டவர் என்ன செய்வாரு?" என்றாள் அம்மா.

அவளுக்கும் வாய் எழவில்லை என்பதுதான் உண்மை. அன்று சாயங்காலம் அப்பாவுக்குக் காப்பியை வைத்துவிட்டு, "பிள்ளைய பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போய் காது டாக்டர்ட்ட காட்டுவோம். நீங்களும் கூட வாங்க," என்று மட்டும் சொன்னாள். 'நீங்களும் கூட' என்றதை அவள் எவ்வளவு கவனமாக எடுத்து வைத்தாள் என்பது எனக்கு இந்த வயதில்தான் விளங்குகிறது.

பஸ்ஸில் போனோம். வலப்பக்கம் வாழைத்தோட்டங்களுக்கு இடையில் ஆறு, செம்மண் கரைத்த நிறத்தில், கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா வழியெல்லாம் எனக்கு நம்பிக்கை சொல்லிக்கொண்டு வந்தார்.

டாக்டர் வயதானவர், அவசரம் இல்லாதவர். மேசைமேல் வெள்ளைத் துணியில் பெரிதும் சிறிதுமாகச் சுருதிக்கவைகளை வரிசையாக வைத்திருந்தார். அதைக் கண்டதும் அப்பாவின் முகம் மலர்ந்தது. நம் தொழிற்காரர் ஒருவர் என்று எண்ணியிருப்பார். டாக்டர் ஒவ்வொன்றாகத் தட்டி என் காதருகிலும் காதுக்குப் பின்னால் எலும்பிலும் வைத்துக் கேட்டார். பிறகு, "ஒண்ணுமில்லையே சார். நல்லாக் கேக்குதே," என்றார்.

"இல்ல டாக்டர். கேக்குது; சரியாக் கேக்கல. மேல்சுரம் அவளுக்குத் தப்பா விழுது."

"மேல்சுரம்னா?"

"இந்தா, இதை மாதிரி." அப்பா துணியிலிருந்த சிறிய கவையை எடுத்து, பழக்கப்படி முழங்காலில் தட்டி, இடது காதருகே கொண்டுபோனார். அதன் சுரத்தை மெல்லப் பாடிக் காட்டினார். நான் அவருடைய வலப்புறம் நின்றிருந்தேன். எனக்குக் கேட்பிப்பதற்காகக் கவையை இந்தப் பக்கம் கொண்டுவந்தார். வரும் வழியில் அது அவருடைய வலது காதைக் கடந்தது.

அவர் கை நின்றது.

கவையை மீண்டும் இடது காதுக்குக் கொண்டுபோனார். மீண்டும் வலது காதுக்கு. அதிர்வு அடங்கிவிட்டது. மறுபடி முழங்காலில் தட்டினார். இந்த முறை பலமாக. இடது. வலது. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா தன் முந்தானை நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர்," என்றார் அப்பா, "இதுக்குள்ள ரெண்டு சுரம் இருக்கா?"

"இல்லையே. ஒண்ணுதான்."

"இந்தக் காதுல ஒண்ணு கேக்குது. அந்தக் காதுல வேற ஒண்ணு கேக்குது."

டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டார். "உக்காருங்க சார்," என்றார்.

பிறகு அப்பாவுக்கு நடந்த சோதனை நெடுநேரம் நீண்டது. உள்காதின் நரம்பு கெடுகிறது. இடது பக்கம் வெகுவாகக் கெட்டுவிட்டது. வலது பக்கமும் தொடங்கியிருக்கிறது. பேச்சு இன்னும் பல காலம் கேட்கும். ஆனால் சுரங்கள் தங்கள் இடத்தில் நிற்கா; மேல்சுரங்கள் தாழ்ந்தே கேட்கும். "மருந்து?" என்று அப்பா கேட்டார். டாக்டர் கவைகளைத் துணியால் துடைத்து வரிசையில் வைத்துக்கொண்டே, "சத்துக்கு மாத்திரை எழுதுறேன்," என்றார். மருந்து இல்லை என்பதை அவ்வளவு மரியாதையாகச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார். சிறிது தூரம் போனதும் என் காதுகளிலிருந்த பஞ்சைத் தாமே எடுத்து, சன்னலுக்கு வெளியே விட்டார். பிறகு ஒரு காதைப் பொத்திக்கொண்டு ஒரு சுரத்தை முனகினார்; மறு காதைப் பொத்திக்கொண்டு அதே சுரத்தை முனகினார். அதையே செய்துகொண்டு வந்தார். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கருங்குளம் கடந்தது, பாலம் ஒன்று கடந்தது. அம்மா அழுதாள் என்று நினைக்கிறேன். சன்னல் வழியே சாரலும் அடித்துக்கொண்டிருந்ததால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் அவர் ஆர்கனைத் திறந்தார். உபவாசம் இருக்கவில்லை. தெருவுக்குச் சொல்லியனுப்பவும் இல்லை. உலக்கைச் சத்தம் ஆலயத்துக்குள் விழுந்துகொண்டே இருந்தது. ரீடுகளை ஒவ்வொன்றாக உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காது காட்டாததைக் கண் காட்டியது: மேல்கட்டைகளின் நாக்குகள் எல்லாம் நுனி தேய்ந்து, புதுக் காயம் போல மின்னின.

"நீ சொல்லு," என்றார். "நான் தேய்க்கேன்."

அவர் அடிப்பக்கத்தை ஓரிழை தேய்ப்பார்; உள்ளே செருகுவார்; நான் மிதித்து அழுத்திக் கேட்பேன்.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம் இறங்கணும்பா."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

கண்ணை மூடவில்லை, மரத்தில் சாயவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சுரம் சேர்ந்தது. "வந்துட்டுப்பா," என்றேன். தலையை மட்டும் ஆட்டினார். அடுத்ததும் சேர்ந்தது. அதற்கடுத்த ரீடை நான் அழுத்திக்கொண்டிருக்கும்போதே, நகம் வெட்டும்போது கேட்குமே, அப்படி ஒரு சிறு ஓசை எழுந்தது, சுரம் நின்றது. நுனியும் அடியும் தேய்ந்த நாக்கு காற்றின் பாரத்தைத் தாங்கவில்லை. இன்னொன்றை எடுத்தார். அதுவும் முறிந்தது. மூன்றாவதைக் கையில் எடுத்து, வளைத்துப் பார்த்து, தேய்க்காமல் அப்படியே இருந்த இடத்தில் வைத்து மூடியை மூடினார். அந்த அளவு ரீடுகள் எங்கள் பக்கத்தில் எங்கும் கிடைக்காது. கேட்டு எழுதினாலும் பண்டிகைக்குள் வந்து சேராது.

சாயங்காலம் ஐயர் வந்தார். இளவயதுக்காரர், நல்ல உள்ளம் உடையவர். அம்மா சொல்லியனுப்பியிருந்தாள். அப்பாவின் காதுகளில் கைவைத்து நெடுநேரம் ஜெபித்தார். அவர் கன்னமும் நனைந்திருந்தது. முடித்துவிட்டு, "கேக்குதா மாஸ்டர்?" என்று ஆவலாகக் கேட்டார்.

"நீங்க பேசுதது கேக்குது ஐயரே. எப்பவும் கேட்டுச்சு. பாட்டுதான் கேக்கல."

ஐயர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "பண்டிகைக்கு விசுவாசத்தோட வாசிங்க. குறையை ஆண்டவர் நிறைவாக்கிக்கிடுவார். சபையும் ஒண்ணும் சொல்லாது," என்றார்.

"சபை சொல்லாது. அது எனக்கு இப்ப நல்லாத் தெரியும்," என்றார் அப்பா. அதில் கசப்பு இருந்ததா என்று நான் எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன், தெரியவில்லை. "தெரியாம வாசிச்சது வேற, ஐயரே. தெரிஞ்சுக்கிட்டு வாசிச்சா, ஊனமான ஆட்டைக் குளிப்பாட்டிப் பீடத்துல கொண்டு நிறுத்துதது மாதிரி. அவருக்கு அது வேண்டாம்."

ஐயர் எழுந்து விடைபெற்றார். இன்று நான் அவர் வயதைப் போல இரண்டு மடங்கு கடந்துவிட்டேன். கேளாத செவியை ஆண்டவர் தொட்டார் என்று நாம் வாசிக்கிறோம். தொடப்படாத செவிகளைப் பற்றி அவரிடமே கேட்க வேண்டும்; கேட்கும் நாள் எனக்குத் தொலைவில் இல்லை.

கிறிஸ்மஸ் அதிகாலை ஆராதனை. தென்னங்குருத்துத் தோரணங்களில் பனி சொட்டியது. ஆர்கனின்மேல் வெள்ளை விரிப்புப் போட்டு ஒரு பூச்சாடி வைத்திருந்தார்கள். பார்ப்பதற்கு அழகாக இருந்தது. அம்மா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. அப்பா ஆண்கள் பக்கத்துக் கடைசிப் பெஞ்சில், சலவை வேட்டியும் சட்டையுமாக, எல்லாரையும் போல உட்கார்ந்திருந்தார். பாடகர் குழுவுக்கு முதல் சுரத்தை நான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. நான் கொடுத்தேன். அண்ணாச்சி கிணற்றுக்குள்ளிருந்து எழுந்தார். மற்ற குரல்கள் அதன்மேல் ஒவ்வொன்றாக வந்து நின்றன. இழுத்துக்கொண்டு போக ஒன்றும் இல்லாததனால், அவரவர் குரல் அவரவர் இடத்தில் நின்றது. அந்த மழைக்காலம் முழுவதிலும் நாங்கள் சுருதியாகப் பாடியது அன்றுதான். பாடிக்கொண்டே கடைசிப் பெஞ்சைப் பார்த்தேன். அப்பா முன்னால் குனிந்து, பாடுகிறவர்களின் வாய்களை மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்து, வாழ்த்துச் சொல்ல வந்தவர்களிடமெல்லாம் கைகுலுக்கிவிட்டு, மூவரும் வீட்டுக்கு நடந்தோம். விடிந்துகொண்டிருந்தது. வாழைத்தோப்புப் பக்கம் யாரோ வெடி வெடித்தார்கள்.

"ஏட்டி," என்றார் அப்பா. "மேல்குரல் எப்படி?"

"சரியா நின்னுச்சுப்பா."

"சரி." கொஞ்ச தூரம் நடந்தார். "டெனர் பாடுத பயலுவ?"

"சரியா இருந்துச்சு."

"ரெண்டாம் சரணத்துல ஒரு ஏத்தம் வருமே, அங்கன எப்பவும் வழுக்குவானுவளே?"

"இன்னைக்கு வழுக்கலப்பா."

"அப்படியா. சரி."

என் தகப்பனார் வாழ்நாளில் யார் சொல்லியும் ஒரு சுரத்தைச் சரி என்று ஒப்புக்கொண்டவர் அல்லர். தாம் கேட்டால்தான் நம்புவார். பட்டணத்திலிருந்து வந்த சங்கீத வித்துவானிடமே, 'எதுக்கும் நான் ஒருதரம் கேட்டுக்கிடுதேன்' என்று சொன்னவர். அந்த மழைக்காலம் முழுவதும் அவர் என்னை நம்ப வேண்டும் என்பதற்காகவே நான் எண்ணெய் வழிய வழிய அழுதிருந்தேன். இப்போது நான் சொன்னதையெல்லாம், ஒரு கேள்வியும் இல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக நம்பிக்கொண்டு வந்தார்.

"அண்ணாச்சி?" என்றார்.

"நல்லாப் பாடினாருப்பா."

"சரி."

இல்லட்டி, நீ தப்பாக் கேட்டிருக்க என்று ஒரு தடவையாவது சொல்லிவிட மாட்டாரா என்று, வீடு வரும்வரை அவர் வாயையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.